மூன்று அங்குலம் குறைந்த டேப்

படப்பிடிப்பில் என் பெட்டியைத் திறந்தாலே இளம் உதவியாளர்கள் சிரிக்கிறார்கள். உள்ளே ஒரு மஞ்சள் துணி டேப் சுருண்டு கிடக்கும். நுனித் தகடும் முதல் மூன்று அங்குலமும் அதில் கிடையாது. எதையும் சரியாக அளக்காத டேப்பை ஏன் சார் சுமக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரு மனிதரின் பிழைப்பே அதில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் நம்பவா போகிறார்கள்?

அவர் எங்கள் கேமராமேன், அஞ்சுகிராமத்துக்காரர்; நான் அவரிடம் ஃபோகஸ் பார்க்கும் உதவியாளன். எனக்கு நாலு வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்பேன். போட்டோ ஸ்டுடியோவில் தொடங்கி, சென்னையில் வருஷக்கணக்கில் கேமரா டிராலி தள்ளி, கேமராவுக்குப் பின்னால் உட்காருவதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது. மூன்றாவது படம் முடிந்த கையோடு வலது கண் பார்வை போயிற்று. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் கேமராவில் வலது கண்ணை வைத்துத்தான் வசதியாகப் பார்க்க முடியும்; இடது கண்ணை வைத்தால் மூக்கும் கன்னமும் இரும்பில் நசுங்கும். மனிதர் அசரவில்லை. வலது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, பழைய ஸ்டில் கேமராவோடு ரோட்டோரம் நின்று, போகிற பஸ்ஸையெல்லாம் இடது கண்ணால் துரத்தினார். ஊர் பைத்தியம் என்றது. எனக்கே அப்படித்தான் பட்டது.

அடுத்த படத்தின் தயாரிப்பாளர் களியக்காவிளை ரப்பர் வியாபாரி. கண் விஷயத்தை மறைத்துவிடலாம் என்று நான் கெஞ்சினேன். அண்ணன் நேரே போய்ச் சொல்லிவிட்டார்.

"ஒத்தக் கண்ணு வச்சு நீரு என்னத்த எடுப்பீரு?"

"ஒரு நாளு எடுக்கேன், கூட நின்னு பாரும். செரியில்லன்னா நானே பெட்டியக் கெட்டிட்டுப் போறேன்."

அந்த ஒரு நாள் முட்டம் பாறைமேல் வந்தது. நடிகையின் முகம் மட்டும் திரை நிறைய வேண்டும். தூரம் கொஞ்சம் பிசகினாலும் மங்கிவிடும். லைட்மேன் டேப்பின் நுனியைக் கேமராவோடு சேர்த்துப் பிடிக்க, நான் முகத்தருகே நின்று அளவைப் படித்து, அதன்படி லென்ஸைத் திருப்பி வைத்தேன். தயாரிப்பாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றார். அண்ணன் இடது கண்ணை வைத்தார். கன்னம் நசுங்கிக் கண்ணீர் வழிந்தது. கேமரா ஓட வேண்டிய நேரத்தில் கையை உயர்த்தினார்.

"மக்கா, ஃபோகஸ் முகத்துல இல்ல. பின்னால பாறையில நிக்கு. டேப்பப் பாரு."

எனக்குச் சுருக்கென்றது. "அளந்தது நானாக்கும். உங்களுக்க கண்ணுதான்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன். டேப்பை வாங்கிப் பார்த்தால், நுனி எங்கோ பாறையிடுக்கில் சிக்கி மூன்று அங்குலம் அறுந்து போயிருந்தது; நான் படித்த தூரம் அவ்வளவும் கூடுதல். தயாரிப்பாளர் சிரித்துவிட்டார். "ரெண்டு கண்ணுள்ளவனுக்குத் தெரியல்ல, இந்த மனுசனுக்குத் தெரிஞ்சுட்டு! எடும் ஓய்." அதன்பின் அண்ணன் ஒன்பது படங்கள் எடுத்தார். அத்தனையிலும் ஃபோகஸ் நான்தான்.

போன மாதம் அஞ்சுகிராமம் போயிருந்தேன். இப்போது அந்த இடது கண்ணும் மங்கிவருகிறது. டேப்பைக் கையில் கொடுத்தேன். அறுந்த நுனியைத் தடவிவிட்டுச் சிரித்தார்.

"ஒரு காரியம் சொல்லட்டா? அன்னைக்கு கேமராவுக்குள்ள எனக்கு முகமும் தெரியல்ல, பாறையும் தெரியல்ல. எல்லாம் ஒரே மங்கலு. கண்ண வைக்கதுக்கு முன்னால, லைட்மேன் பக்கத்துல பிடிச்ச டேப்புக்க நுனியில தகடு இல்லாததத்தான் கண்டேன்."

"அப்ப அந்த ஷாட்டு, அண்ணே?"

"நுனி செரியானா நீ தப்பா அளக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்லா. கண்ணு தெளிய பின்னயும் ரெண்டு மாசம் ஆச்சு மக்கா. அதுவர நீ சொன்ன அளவ நம்பித்தான் எடுத்தேன்."

டேப்பைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன்.