களவாப் பாருக்கு வழி

கயல், மணி, போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினீர்களே, மசகெண்ணெயும் துருவும் எத்தனை கழுவியும் போகாத கணவாய் மீன் இரையும் சேர்ந்த அந்த வாடைதான் என் சின்ன வயது. உள்ளே கிடந்த தூண்டிலையும் பத்திரிகைத் துண்டுகளையும் பார்த்துவிட்டு, "தாத்தா மீன்காரரா, எழுத்தாளராப்பா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

திருவேட்டக்குடியில் எல்லோரும் வலை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், உங்கள் தாத்தா புதுச்சேரியிலிருந்து வருகிறவர்களைப் படகில் ஏற்றிப்போய்த் தூண்டில் போட வைத்தார். பிடித்த மீனோடு படம் எடுத்துக்கொண்டு அதைத் திரும்பக் கடலிலேயே விடும் அவர்களை 'விளையாட்டு மீன்காரங்க' என்று ஊர் சிரித்தது. அவர்களில் ஒருவர் பத்திரிகை நடத்துகிறவர். தாத்தா படகில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "இதையே எழுதிக் கொடுங்க" என்றார். எட்டாவதோடு நின்ற தாத்தா பேசுகிற மாதிரியே எழுதினார், சிரித்த ஊரே வாங்கிப் படித்தது.

எங்கள் ஊரில் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள், 'பார்' இருக்கும் இடத்தை மட்டும் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்லமாட்டார்கள். பார் என்றால் கடலடியில் மீன் தங்கும் பாறைத் திட்டு. கரையில் எதற்கு நேரே எது தெரிந்தால் படகு அதன்மேல் நிற்கிறது என்பதுதான் அதற்கு வழி. களவா மீன் கூடும் எங்கள் பாருக்குச் சவுக்குத் தோப்பின் நுனிக்கு நேரே கோபுரம், கலங்கரை விளக்கத்துக்கு நேரே தண்ணீர்த் தொட்டி. "படிக்கிறவங்களுக்கு இடம் புரிய வேணாமா? குறிப்பா எழுதுங்க" என்று பத்திரிகைக்காரர் கேட்க, எழுத்தென்றால் ஒளிக்கக்கூடாது என்று நினைத்த தாத்தா, அதை அப்படியே எழுதிவிட்டார்.

அடுத்த மாசியில் எங்கெங்கிருந்தோ படகுகள் வந்தன. களவா மெதுவாக வளரும் மீன், அது வளரும்வரை பொறுக்க யாருக்கும் நேரமில்லை. பாறையில் மாட்டிய வலைகளை அறுத்துவிட்டுப் போனார்கள். அந்த வலைகள் ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருந்தன.

"என்ன எழுத்தாளரே, அடுத்த வாரம் யாரு வூட்டு வாசலத் தொறந்துவுடப் போறீங்க?" என்று என் சித்தப்பா நடுத்தெருவில் நின்று கேட்டார்.

தாத்தா வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்து, 'பாரை விட்டுவிடுங்கள்' என்று எழுத ஆரம்பித்தார். தலத்தெருவில் மீன் விற்றுவிட்டு வந்த என் அம்மா கூடையை இறக்கிக்கொண்டே, "ஏங்க, வழியையும் நீங்களே காட்டிட்டு, வராதீங்கன்னும் நீங்களே எழுதினா எவன் கேப்பான்?" என்றார். எவனும் கேட்கவில்லைதான். கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள், சால்வை போட்டார்கள், மறுநாளும் பாரில் வலை விழுந்தது. தூண்டில்காரர்கள் வருவது நின்றுபோனது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி, தாத்தா தனியாகப் போய் அறுந்த வலைகளை இழுத்துக்கொண்டு வருவார். அழுகிய ஆமையும் மீன் முள்ளுமாக வரும் அவற்றை நானும் உங்கள் அத்தையும் கரையில் பிரித்துப் போடுவோம். "வூட்டுக் கிணத்துல வுழுந்தத எடுக்கவே ஆளக் காணும், கடலத் தூர் வாருறாரு" என்று அம்மா முனகிக்கொண்டே எங்கள் கைக்குப் புளி தேய்த்துவிடுவார்.

அந்தச் சவுக்குத் தோப்பைக் கடல் கொண்டுபோய்விட்டது. தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டார்கள். தாத்தா எழுதிய வழியைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கு யாரும் எங்கேயும் போக முடியாது. அவர் கடைசியாக வாங்கிய 'ஜிபிஎஸ்' கருவியில் மட்டும் அந்த இடம் ஒரு புள்ளியாக இருந்தது. கடைசிப் படுக்கையில் விழுவதற்கு முன்னால், "களவாக் குஞ்சு வந்திருக்குடா, நானே பார்த்தேன். இத எழுத மாட்டேன்" என்றார். அவர் எழுத மறுத்த ஒரே சங்கதி அதுதான்.

நேற்று மீன்பிடி வீடியோ போடும் ஒரு தம்பி என் கடைக்கே தேடி வந்து, "அண்ணே, இடத்த மட்டும் சொல்லுங்க. அப்பா பேரப் போட்டே போடுறேன்" என்றான். நல்ல பையன். அப்பா பேர் மறுபடி நாலு பேர் வாயில் வருமே என்று எனக்கும் ஆசை வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல எனக்கும் வராது, தாத்தா மாதிரியேதான். அடுத்து நீங்களும் கேட்பீர்கள்.

காலையில் நீங்கள் பள்ளிக்கூடம் போனதும் பெட்டியைத் திறந்து, கருவிக்குப் புது பேட்டரி போட்டேன். திரையில் கடல் முழுக்க ஒரே ஒரு புள்ளி. அதை அழித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.