சாமியின் துணிக்கொடி

எங்கள் தெருவில் தியானம் சொல்லித் தரும் சாமி, கொடியில் லுங்கி காயப்போடுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவரும் நம்மைப் போல மனிதர்தான் என்று ஊருக்குத் தெரிந்தால், காலில் விழுகிறவர்கள் குறைவார்கள், அவரும் நிம்மதியாகக் கடைக்குப் போய் வருவார். உடனே செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டுத் தறிக்காரர், சாயப்பட்டறையில் கொடுத்திருந்த பட்டு நூலைத் திரும்ப வாங்கி வந்துவிட்டார்.

"சாமியே வெளுத்த பச்சைய காட்டிட்டாரு. நான் இன்னும் அரக்குச் சாயம் போட்டுகினு இருந்தா எப்டி?"

"அது பழைய லுங்கிங்க. சாயம் போயிடுச்சு."

"உனக்கு அது லுங்கி."

ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தறிகளில் வெளுத்த பச்சை ஏறியது. விடிந்தால் சாமி வீட்டு வாசலில் பட்டு நூலோடு ஆட்கள் நின்றார்கள், கொடியில் அன்றைக்கு என்ன நிறம் என்று பார்த்துப் போக. சாமி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஈரத் துணிய கட்டிகினு எத்தினி நாளு தியானம் பண்றது? ஜட்டியக்கூட வெளிய போட முடியல. பேஜாரா கீது."

நாளை முதல் அவர் துணிகளை எங்கள் மொட்டை மாடியில், என் சட்டைகளுக்கு நடுவே காயப்போடப் போகிறோம். எதற்கும் கண்ணைப் பறிக்கும் என் மஞ்சள் சட்டையை மட்டும் வீட்டுக்குள்ளேயே உலர்த்தலாம் என்றிருக்கிறேன்.