முதலாளியின் எண்ணைக் கடைசியில் வைத்த விவரம்

பண்ணை அலுவலகத்தில் உள்ள மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ராயக்கோட்டைச் சாலையில் உள்ள நம் ரோஜாப் பண்ணையில் குளிர் அறையைக் கவனிப்பது என் பணி. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்குச் சென்றதில்லை. இயந்திரங்களோடு வரும் கையேடுகளைப் படித்தே ஆங்கில எழுத்தும் அளவைகளும் கற்றேன். ஆகவே, குளிர் அறையில் வெப்பம் ஏறினால் தானாகவே தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் கருவி வந்தபோது, அதில் எண்களைப் பதியும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது.

திருமணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயர் முதலில் வருவதுபோல, பெங்களூரில் வசிக்கும் முதலாளியை முதலிலும், மேலாளரை இரண்டாவதாகவும், என்னை மூன்றாவதாகவும், பண்ணை வாசலிலேயே குடியிருக்கும் எலக்ட்ரீசியனை நான்காவதாகவும் பதிந்தேன்.

"மரியாதை தெரிஞ்சவருங்க நீங்க" என்றார் மேலாளர். நானும் மகிழ்ந்தேன்.

ஒரு ஞாயிறு நண்பகல். மறுநாள் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய மொட்டுகள் பெட்டி பெட்டியாக உள்ளே இருந்தபோது, அறையைக் குளிர்விக்கும் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. கருவி தன் கடமையைச் செய்தது. முதலாளி ஏதோ விருந்தில் இருந்தபடி அழைப்பை எடுத்து, பதிவுக் குரல் சொன்னபடியே ஒன்றாம் எண்ணை அழுத்தினார். யாராவது ஒருவர் அழுத்திவிட்டால், செய்தி சேர்ந்துவிட்டதென்று கருவி அடுத்தவரை அழைக்காது. அதைக் கையேட்டில் படித்தவன் நான். படித்தும் யோசிக்காதவனும் நான்தான்.

முதலாளி மேலாளரை அழைத்திருக்கிறார். அவர் கோயிலுக்குள் இருந்தார். கைபேசி வண்டியில் இருந்தது. அதன் பிறகே மூக்கண்டப்பள்ளியில் வீட்டில் இருந்த எனக்கு முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏன் பெரியவரே, அந்த மிஷின் எனக்கு எதுக்குப் போன் பண்ணுது? நான் இங்கிருந்து வந்து ஸ்விட்ச் போடறதா?"

நான் உடனே எலக்ட்ரீசியனை அழைத்தேன். அவர் ஓடிப்போய்ச் சரிசெய்தார். அதற்குள் கதவோரப் பெட்டிகளில் மொட்டுகள் விரிந்துவிட்டன. அவற்றை அனுப்ப முடியவில்லை. மற்றவை தப்பின.

திங்கள் காலை எல்லா எண்களையும் அழித்தேன். குளிர் அறைக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவர் முதலில் என்று மறுபடி பதிந்தேன். எலக்ட்ரீசியன், நான், மேலாளர், கடைசியில் முதலாளி.

"முதலாளியக் கடைசியில தள்ளிட்டீங்க. அவரு கேட்டா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லைங்க" என்றார் மேலாளர்.

"கேட்கட்டும் சார். நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

எலக்ட்ரீசியனுக்குச் சிரிப்புத் தாளவில்லை. "எங்க மாமியார் வீட்டுப் பந்தியில கூட என்னைய மொதல்ல கூப்பிட்டதில்லைங்கண்ணா" என்றார்.

அந்த வாரமே முதலாளி வந்தார். வேலையே போனாலும் வரிசையை மாற்றியதை மறைக்க வேண்டாம் என்று தீர்மானித்தேன். எலக்ட்ரீசியனுக்குச் சொல்லாமல், முதலாளியும் மேலாளரும் பார்த்திருக்க, குளிர் அறைக்குள் வெப்பத்தை அளக்கும் முனையை, கைச்சூட்டில் கருவி அழைக்கட்டும் என்று உள்ளங்கையில் பொத்திப் பிடித்தேன். விரல்கள் மரத்துப்போகும் வேளையில் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எலக்ட்ரீசியன் வந்து நின்றார்.

முதலாளி தம் கைபேசியை எடுத்துப் பார்த்தார். அதில் அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை.

"என் நம்பர் எங்கே?"

"கடைசியில் இருக்கிறது ஐயா. நாங்கள் மூவரும் எடுக்காவிட்டால்தான் தங்களை அழைக்கும்."

அவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கேயே இருக்கட்டும்" என்றார் முதலாளி. பிறகு மேலாளரிடம் திரும்பி, "இனிமே இதுல நம்பர் மாத்தணும்னா பெரியவரைக் கேட்டுட்டு மாத்துங்க" என்றார்.

பண்ணையில் எனக்குப் பட்டமோ பதவியோ கிடையாது. ஆயினும் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் நிமிர்ந்தே நடந்தேன் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆட்கள் மாறும்போது எண்களும் மாறும். எனக்குப் பின் வருபவர், நான் செய்ததுபோலவே மரியாதையை எண்ணி வரிசையை மாற்றிவிடக்கூடும். ஆகவே இந்த விவரத்தைக் கருவியின் கையேட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.