வில்பிரட் மச்சாது எழுதிய முப்பத்தெட்டுப் பக்கம்

வில்பிரட் மச்சாது ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லி வேலையை இழந்தவர். அந்தப் பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதியவன் நான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து வித்தை காட்ட எனக்கு வராது.

1976-ஆம் வருடம். தூத்துக்குடியில் எங்கள் கல்லூரியில் சுற்றுலாவும் விடுதி நிர்வாகமும் என்று இரண்டு வருடப் படிப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. புதுத் துறைமுகம் வரப்போகிற உற்சாகத்தில் யாரோ தொடங்கி வைத்தது. கப்பல் வரும், கப்பலில் வெள்ளைக்காரன் வருவான், இறங்கியதும் அறை கேட்பான் என்று நினைத்திருக்கிறார்கள். கப்பல்கள் வந்தன. அவற்றில் நிலக்கரியும் கோதுமையும் வந்தன. அறை கேட்டு யாரும் வரவில்லை.

நான் ஆங்கில ஆசிரியன். பெயர் சிவனணைந்தபெருமாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். விடுதி நிர்வாகத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிட்ட இலையை எந்தப் பக்கம் மடக்குவது என்பது மட்டும்தான். ஆனால் பாடத்திட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. அதனால் அந்தப் படிப்பின் காகித வேலை முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்தப் பாடத்திட்டத்தை ஏதோ ஒரு குளிர்நாட்டிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். விருந்தினரின் காலணியில் ஒட்டிய பனியை அகற்றும் முறைக்கு ஐந்து மதிப்பெண். கணப்படுப்பைத் துப்புரவு செய்வதற்கு எட்டு. எந்த மீனுக்கு எந்த ஒயின் என்று ஒரு தாள் முழுவதும் இருந்தது. மதுவிலக்கு அமலில் இருந்த ஊரில், பையன்கள் சிவப்புக் கலர் சோடாவையும் மஞ்சள் கலர் சோடாவையும் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி ஒயின் பரிமாறிப் பழகினார்கள். வருடம் இருபது பேர் தேறி வெளியே போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க ஒருவரும் இல்லை.

இந்தக் கூத்தில் உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று, செய்முறை வகுப்பு. அதை நடத்தியவர் வில்பிரட். ஐம்பத்தொரு வயது, உயரமான ஆள், சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. சரக்குக் கப்பல்களில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பன்னிரண்டு வருடம் சீஃப் ஸ்டூவர்ட். கேப்டன் முதல் கடைநிலை ஆள் வரை எல்லோருடைய சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அவர்தான் பொறுப்பு. படிப்பு எட்டாம் வகுப்பு. சமையலறையை அவர் பக்கத்துக் கடற்கரை ஆட்கள் சொல்கிறபடி குசினி என்பார். பையன்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

கடலை விட்டு அவர் கரைக்கு வந்தது 1973-இல். பிளாரன்ஸ் அம்மாள், அவர் மனைவி, ஒரு விடுமுறையில் அவரை உட்கார வைத்துச் சொன்னாராம்: "கல்யாணம் ஆயி இருவது வருசம். நீங்க வீட்ல இருந்தது மூணு வருசம் நாலு மாசம். நான் எண்ணி வச்சிருக்கேன். இனி கப்பல்னு வாயத் தொறந்தீயன்னா நான் பிள்ளையக் கூட்டிட்டு மணப்பாட்டுக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்." அவர் திறக்கவில்லை. கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்தது. மத்தியானம் மணி அடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். திரும்பி வந்து என்ன சாப்பிட்டார் என்று எனக்கு விவரமாகச் சொல்வார். "இன்னிக்கு சாளை மீன் குழம்பு சார். சூடா." ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட மனிதர், தன் வீட்டுச் சோறு சூடாகக் கிடைப்பதை மூன்று வருடமாக நம்ப முடியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட வரும். தயிர்ச்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருப்பவனிடம் போய் இதைச் சொல்வார்களா?

அந்த நவம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பாடத்திட்டத்தை மாற்றி எழுதுங்கள், இல்லையென்றால் படிப்பை மூடுகிறோம் என்று. ஒரு குழு போட்டார்கள். தலைவராக வணிகவியல் பேராசிரியர் ஒருவர் வந்தார். தொழில் சார்பில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருந்த அய்யாக்குட்டி அண்ணாச்சி. செய்முறைக்கு வில்பிரட். எழுத நான். குறைவாகப் பேசு, அதிகமாக உழை என்று எழுதிய எமர்ஜென்சிப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து மூன்று நாள் பேசினோம்.

தலைவர் பேசியது எனக்கே பாதி புரியவில்லை. ஆப்ஜெக்டிவ் என்றார், யூனிட் என்றார், கோர் என்றார், எலெக்டிவ் என்றார். கரும்பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டார். ஒரு கட்டத்துக்குள் முத்துக்குளிப்புச் சுற்றுலா என்று எழுதி அடிக்கோடு இட்டார்.

வில்பிரட் எழுந்து, "சார், இங்கன முத்துக்குளிச்சு பதினஞ்சு வருசம் ஆவுது. இப்பம் சங்குதான் எடுக்காவ" என்றார்.

"அது செய்முறைப் பிரச்சினை. நாம் இப்போது கொள்கை அளவில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார் தலைவர். கட்டம் அப்படியே இருந்தது.

அய்யாக்குட்டி அண்ணாச்சி இரண்டு நாள் கொட்டாவி விட்டுவிட்டு மூன்றாம் நாள் வாயைத் திறந்தார். "அய்யா, என் லாட்ஜுக்கு உப்பு யாவாரி வாரான், ஆடிட்டரு வாரான். அவன் கேக்குதது மூணே மூணு. தண்ணி வருமா, மூட்டப்பூச்சி உண்டுமா, ஏழு மணிக்கு காப்பி கிடைக்குமா. இதுக்கு எதுக்கு ரெண்டு வருசம்?"

நல்ல வேளை, தேநீர் வந்ததால் தப்பித்தோம். கடைசியில் தலைவர் வில்பிரட்டைப் பார்த்து, செய்முறைப் பகுதி முழுவதையும் நீங்கள் எழுதிக் கொண்டுவாருங்கள், ஆப்ஜெக்டிவோடு, என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

மறுநாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் வில்பிரட் என்னைப் பிடித்துக்கொண்டார். முகம் குழம்பிக் கிடந்தது. "சார், ஆப்ஜெக்டிவ்னா என்ன எழுதணும்? முட்ட பொரிக்கதுக்கு என்ன ஆப்ஜெக்டிவ்? தின்னுதுதான?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆங்கில வாத்தியாருக்கு அது எங்கே வாயில் வரும்? "அதை விடுங்க அண்ணாச்சி. நாளைக்கு நீங்க இல்லன்னா வேற ஒருத்தர் வந்து நடத்தணும்னு வச்சுக்கோங்க. அவருக்கு எழுதிக் குடுக்கிற மாதிரி எழுதுங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அட, ஹேண்டிங் ஓவர் நோட்டா! அத மொதல்லயே சொல்லப்படாதா?"

பிறகு விளக்கினார். கப்பலை விட்டு இறங்குகிற ஸ்டூவர்ட், அவன் இடத்துக்கு வருகிறவனுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எந்தப் பெட்டியில் மாவு, எந்தக் குழாய் ஒழுகும், எந்த எஞ்சினியருக்கு வெங்காயம் ஆகாது, எல்லாம். ஏதாவது ஒன்றை மனசுக்குள் வைத்துக்கொண்டு போகிறவன் மனிதனே இல்லை. கேப்டன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: இதை வைத்துக்கொண்டு வருகிறவன் சமாளிப்பானா?

"சமாளிப்பான் சார்னு சொல்லணும். அப்பதான் நம்ம மானம் நிக்கும். கஷ்டம்தான்னு ஒருத்தன் சொன்னான் சார், சிட்டகாங்ல. ரெண்டு வருசம் அவன் பேரச் சொல்லிச் சிரிச்சானுவ."

மூன்று வாரத்தில் முப்பத்தெட்டுப் பக்கம் எழுதினார். கப்பல் ஆங்கிலம், நான் எழுத்துப்பிழை திருத்தித் தட்டச்சு செய்தேன். திருத்தத் திருத்த எனக்கு வெட்கமாக வந்தது, நான் கற்றுக்கொடுப்பதில் இப்படி ஒரு பக்கம்கூட இல்லையே என்று. ஓர் இடத்தில் எழுதியிருந்தார்: வந்தவர் முகத்தைப் பார். களைப்பாக இருந்தால் ரிஜிஸ்டரை நீட்டாதே. முதலில் தண்ணீர், அடுத்து குளியலறை, அப்புறம்தான் பெயரும் ஊரும். இன்னோர் இடத்தில்: தனியாகச் சாப்பிடுகிறவரைச் சுவரைப் பார்க்க உட்கார வைக்காதே. போர்வையைக் கால்மாட்டில் எவ்வளவு தளர்த்த வேண்டும், அழுகின முட்டையைத் தண்ணீரில் போட்டு எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கள் கல்லூரிக் குசினியின் இரண்டாவது குழாயை இடப்பக்கம் அழுத்தித் திருகினால்தான் சொட்டாது என்பது, எதையும் விடவில்லை.

பிப்ரவரியில் மறுபடியும் குழு கூடியது. தலைவர் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் படித்துவிட்டு வந்திருந்தார். மனிதர் அசந்துபோயிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "இதுதான் பாடத்திட்டம்" என்று மேசையைத் தட்டினார். அய்யாக்குட்டி அண்ணாச்சி தன் லாட்ஜுக்கு ஒரு நகல் கேட்டார். வில்பிரட் கையைக் கட்டிக்கொண்டு கூச்சத்தோடு நின்றார்.

அப்போது தலைவர் கேட்டார். "மிஸ்டர் மச்சாது, இதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு ஒருவர் வந்தால் செய்முறை வகுப்பைச் சமாளிக்க முடியுமா?"

வில்பிரட் நிமிர்ந்து நின்றார். குதிகால் இரண்டும் ஒட்டின. "சமாளிக்கலாம் சார். ஒண்ணும் விடல சார்."

தலைவர் என் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். தீர்மானம் ஏழு என்று போட்டு எழுதினேன். என் பேனா கொஞ்சமும் தயங்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு சைக்கிள் நிறுத்துமிடத்தில் கேட்டதெல்லாம் அந்த நிமிடம் என் மண்டையில் ஏறவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும்தான் ஓடியது.

ஏப்ரலில் உத்தரவு வந்தது. புதிய பாடத்திட்டம் ஏற்கப்பட்டது. செய்முறைக் கையேடு முழுமையாக இருப்பதால் பட்டம் பெற்ற விரிவுரையாளர் ஒருவரே பாட வகுப்பு, செய்முறை வகுப்பு இரண்டையும் நடத்தலாம். செய்முறையாளர் பணியிடம் ஜூன் முதல் தேவையில்லை. நான் பதறிப்போய் மனு எழுதினேன். பதில் உடனே வந்தது: தீர்மானம் ஏழைப் பார்க்கவும், அவரே உறுதி கூறியுள்ளார். என் கையெழுத்தையே எனக்கு நகலெடுத்து அனுப்பியிருந்தார்கள்.

வில்பிரட்டுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உத்தரவை நாலு தடவை படித்தார். "பாடம் நல்லாருக்குன்னுதான சார் போட்டிருக்கு?" என்றார். "ஆமா." "அப்பம் ஏன் சார் என்னப் போகச் சொல்லுதாவ?" உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சமாளிக்க முடியாதுன்னு சொல்லியிருக்கணுமோ? அப்படி எப்படிச் சார் சொல்ல முடியும்? எழுதுனது நானுல்லா?" என்றார். 

கரையிலேயே ஏதாவது கிடைக்குமா என்று ஒரு மாதம் அலைந்தோம். சாகுபுரத்தில் தொழிற்சாலை விருந்தினர் இல்லத்தில் ஏற்கனவே ஆள் இருந்தது. அய்யாக்குட்டி அண்ணாச்சி, "நீங்க பெரிய ஆளு. என் லாட்ஜுக்கு நீங்க எழுதுன பொஸ்தகமே போதும்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். முன்பு வேலை பார்த்த பம்பாய்க் கப்பல் கம்பெனிக்கு ஒரு கார்டு போட்டதும் தந்தி வந்துவிட்டது. பதின்மூன்று மாத ஒப்பந்தம், அதே சீஃப் ஸ்டூவர்ட் வேலை.

அவர் புறப்படுகிற அன்று வீட்டுக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு. பெட்டி கட்டி வாசலில் தயாராக இருந்தது. சாயங்கால ரயில். பிளாரன்ஸ் அம்மாள் மணப்பாட்டுக்குப் போகவில்லை. எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். மகள் பிலோமினா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் நான் தட்டச்சு செய்த நகல் கிடந்தது.

"சார்தான இத அடிச்சுக் குடுத்தது?" என்று கேட்டார் பிளாரன்ஸ் அம்மாள்.

"ஆமாம்மா."

"பிள்ள முழுசும் வாசிச்சுச் சொன்னா. கொழாய எந்தப் பக்கம் திருவணும்னுகூட இருக்கு." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "இருவது வருசமா எத்தன தடவ இந்த வீட்ட எங்கிட்ட விட்டுட்டுக் கப்பலேறுனீய. எனக்கு ஒரு பக்கம் எழுதித் தந்தீயளா?"

வில்பிரட் விழித்தார். அப்படி ஒன்று உண்டு என்றே அவருக்குத் தோன்றியதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பெட்டியைத் திறந்து ஒரு தாள் எடுத்து மேசையில் வைத்தார். "இப்பம் எழுதித் தாரேன்" என்றார். எழுதவும் ஆரம்பித்தார். வடமேற்கு மூலையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டும். பால்காரனிடம் செம்பைக் கழுவிக் கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டு அலமாரியின் மேல்தட்டில். மூன்று வருடத்தில் அவருக்குத் தெரிந்தவை அவை. நாலாவது என்று எண் போட்டதும் நிறுத்தி மனைவியைப் பார்த்தார்.

"ஒனக்கு மேலுக்கு முடியாமப் போச்சுன்னா யாரக் கூப்பிடணும்னு போடட்டும்? முன்னால எல்லாம் யாரக் கூப்பிட்ட?"

"யாரையும் கூப்பிடல" என்றார் பிளாரன்ஸ் அம்மாள்.

வில்பிரட் பேனாவைத் தாள்மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்; மை ஊறிப் புள்ளி பெரிதாகியது. இதை எப்படி எழுதுவது என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார். இந்தத் தடவை, எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.