புரட்சிக்கு முந்திய ரஷ்யாவும் பாலாம்பிகையும்

நோட்டீசைப் பார்த்த உடனேயே பாலாம்பிகைக்குக் கோபம் ஏறிவிட்டது. மொன்றியலின் லாசால் பகுதியில் மாதம் ஒருமுறை கூடும் தமிழ் வாசகர் வட்டம் அவரைப் பேச அழைத்திருந்தது. எந்தத் தலைப்பானாலும் பரவாயில்லை என்று வட்டத்தின் செயலாளர் அன்டன் சொல்லியிருந்தார். பாலாம்பிகை யோசித்து, "புரட்சிக்கு முந்திய அரை நூற்றாண்டில் ரஷ்யச் சமூகம்" என்று எழுதி அனுப்பினார். கைபேசிக்கு வந்த நோட்டீசில் சிவப்புப் பின்னணியில் இறுக்கிய முஷ்டி ஒன்றும், "ரஷ்யப் புரட்சி: நேற்றும் இன்றும்" என்ற பெரிய எழுத்தும், அதன் கீழே "கலாநிதி பாலாம்பிகை" என்றும் இருந்தது.

உடனே அன்டனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அன்டன் அண்ணை, நான் தந்த தலைப்பு எங்கை?"

"அது நீட்டாக் கிடந்தது பாலா. நோட்டீசில இடம் காணாது. புரட்சி எண்டு போட்டால்தான் சனம் வரும்."

"நான் புரட்சியைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கப் போறேல்லை."

"கடைசியில ஒருக்காத் தொட்டு விடுங்கோவன்."

"சரி, அந்தக் கலாநிதியையாவது எடுத்து விடுங்கோ. நான் படிப்பை முடிக்கேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"உதைப் போய் ஆர் பாக்கப் போகினம்," என்றார் அன்டன். நோட்டீஸ் அதற்குள் எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் போய்விட்டிருந்தது.

அந்தக் கலாநிதிப் பட்டம்தான் அவரை அதிகம் குத்தியது. வாழ்க்கையில் எட்ட முடியாமல் போன ஒன்றை, கேட்காமலே ஒருவர் தூக்கிப் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டார்.

பாலாம்பிகை வடமராட்சிக்காரர். அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், தொழிற்சங்கத்தில் முன்னுக்கு நின்றவர், இடதுசாரிக் கட்சியின் உறுப்பினர். கட்சி வழியாக வந்த புலமைப்பரிசில் ஒன்றில்தான் மகள் இருபது வயதில் மொஸ்கோ போனார். ஒரு வருடம் மொழி, பிறகு வரலாறு, அதன் பிறகு ஆய்வு. ஆய்வுக்கு அவர் எடுத்த விசயத்தைக் கேட்டு ஊரிலிருந்து வந்திருந்த தோழர்கள் சிரித்தார்கள். பண்ணையடிமைகளுக்கு விடுதலை கொடுத்த பிறகு ரஷ்யாவின் கிராமப்புறங்களில் உள்ளூர்ச் சபைகள் உருவாயின. செம்ஸ்த்வோ என்பது அவற்றின் பெயர். அந்தச் சபைகள் கிராமங்களுக்கு அனுப்பிய ஆசிரியைகளைப் பற்றித்தான் பாலாம்பிகையின் ஆய்வு.

பட்டணத்தில் படித்த இளம்பெண்கள், விறகு இல்லாத பள்ளிக்கூடங்களுக்குப் போய், மை உறையும் குளிரில் பாடம் நடத்தினார்கள். கிராமத்துச் சனம் அவர்களை நம்பவில்லை. ஊரை ஆண்ட பிரபுக்களும் நம்பவில்லை. பொலிஸ்காரனுக்கோ அவர்கள் வாசிக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் சந்தேகம். அவர்கள் குண்டு எறியவில்லை, கொடி பிடிக்கவில்லை. ஆகவே பாடப்புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு பந்திகூட இல்லை. பாடப்புத்தகம் எழுதுபவர்கள் அடிமை விடுதலையிலிருந்து புரட்சிக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் கோடிக்கணக்கான சனம் என்ன சாப்பிட்டது, யாருக்குப் பயந்தது, யாரை வெறுத்தது என்று தெரியாமல் பிறகு நடந்தது ஒன்றும் விளங்காது என்பது பாலாம்பிகையின் வாதம். அந்த வாதத்தை அவர் எழுதி முடிப்பதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று. உதவிப்பணத்தில் பாண் வாங்க முடியாத நிலை. அவருடைய பேராசிரியை மெட்ரோ வாசலில் வீட்டுப் பீங்கான் கோப்பைகளைப் பரப்பி விற்றுக்கொண்டு நின்றார். ஊரில் யுத்தம். திரும்பிப் போக வழியில்லை.

அப்படித்தான் பாலாம்பிகை மொன்றியலுக்கு அகதியாக வந்தார். பிரெஞ்சு படித்தார். பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பேராசிரியரைப் போய்ப் பார்த்தார். அந்த மனிதர் மிகவும் மரியாதையாக, முதுகலையிலிருந்து மறுபடியும் தொடங்கலாம் என்றார். அப்போது மகள் துஷாந்தினி வயிற்றில். பாலாம்பிகை கார்டெரி ஒன்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். கால்நூற்றாண்டு அதே வேலை. கணவர் காலமாகி, ஓய்வும் எடுத்த பிறகுதான் மெட்ரோ ஏறிப் பெரிய நூலகத்துக்குப் போய், விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். ஆகவே வாசகர் வட்டத்தின் அந்த ஒரு மணித்தியாலம் அவருக்குச் சின்ன விசயமாக இருக்கவில்லை. இரண்டு மாதம் அதற்காகவே உட்கார்ந்து எழுதினார்.

ஒக்ரோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டம். இரண்டு மணிக்கென்று போட்டிருந்தார்கள். சனம் வந்து சேர மூன்றாகிவிட்டது. விளக்கேற்றினார்கள், அகவணக்கம் செலுத்தினார்கள். அன்டன் வரவேற்றார். பிறகு தலைமையுரை. தலைவர் தியாகராசா ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர், குரல்வளம் உள்ளவர். அவர் எழுந்து ரஷ்யப் புரட்சியை ஆதியோடந்தமாக, குளிர்கால அரண்மனையைப் பிடித்தது வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, "மிச்சத்தைக் கலாநிதி அவர்கள் விளக்குவார்" என்று உட்கார்ந்தார். எதிலே மிச்சம் என்று பாலாம்பிகைக்கு விளங்கவில்லை. ஒரு மணித்தியாலம் அரை மணித்தியாலமாகச் சுருங்கிவிட்டது என்பது மட்டும் விளங்கியது.

"நான் கலாநிதி இல்லை," என்றுதான் தொடங்கினார். சபை அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.

ஆனாலும் பேசத் தொடங்கியதும் குரல் தானாகவே திடப்பட்டது. நிலத்துக்கான தவணைக் கட்டணத்தில் தலைமுறையாக மாட்டிக்கொண்ட கமக்காரரைப் பற்றிச் சொன்னார். ஊர்ச்சபை அனுமதி தராமல் வேலைக்குப் பட்டணம் போக முடியாத இளைஞர்களைப் பற்றிச் சொன்னார். கொலரா வந்த ஆண்டில், சிகிச்சை கொடுக்கப் போன டொக்டர்களே நஞ்சு வைக்கிறார்கள் என்று நம்பிச் சனம் அவர்களை அடித்த கதையைச் சொன்னார்.

"ஏன் அப்பிடி நம்பினவை? விசரில்லை. அதுவரைக்கும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு ஊருக்குள்ள வந்த ஒருத்தரும் அவைக்கு ஒரு நல்லதும் செய்யேல்லை. டொக்டரும் நல்ல உடுப்போடதான் வந்தவர்."

முன்வரிசையில் இருந்த செல்வமலர் தலையாட்டினார். லாசாலில் பாலாம்பிகை இருக்கும் அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே இருப்பவர் அவர். புத்தகம் வாசிக்கிற ஆள் அல்ல. பாலாம்பிகைக்காக வந்திருந்தார். அந்தத் தலையாட்டல் பாலாம்பிகைக்குத் தெம்பு தந்தது.

"ஒரு கமக்காரன் பிழை செய்தால் ஊர் நீதிமன்றம் அவனைப் பிரம்பால அடிக்கலாம். அதே பிழையை ஒரு பிரபு செய்தால் அவரில கை வைக்க ஏலாது. இது வழக்கமில்லை, சட்டம். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் இருந்த சட்டம். ஒரே ஊர், ஒரே கோயில், ஆனால் தோல் வேறை வேறை." இங்கே அவர் குறிப்பிலிருந்து கண்ணை எடுத்தார். "உது எங்களுக்குத் தெரியாத விசயமில்லை. எனக்கு அப்ப ஏழு வயசு இருக்கும். அப்பாவோட சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போவன். மற்றவைக்கு இருக்க வாங்கு, குடிக்கக் கிளாஸ். எங்களுக்குப் பின்பக்கம். போத்தலிலதான் ஊத்தித் தருவினம். குடிச்சுப்போட்டு அந்தப் போத்தலை நாங்களே கழுவி ஆணியில கொழுவிவிட்டு வரவேணும். சண்டை வரமுதல் ஊரில எல்லாரும் ஒண்டாய் இருந்தம் எண்டு இஞ்சை நெடுகச் சொல்லினம். ஆர் ஒண்டாய் இருந்தது? அதைக் கேக்காமல் பேந்து நடந்ததை எப்பிடி விளங்கிறது?"

பின்னால் யாரோ கதிரையை இழுத்த சத்தம் கேட்டது. செல்வமலர் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தியாகராசா தன் மைக்கை எடுத்தார். கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடு, வகுப்பில் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டார்.

"பாலாம்பிகை, உது ரஷ்யாவில நடந்ததோ?"

சிலர் சிரித்தார்கள்.

"இல்லை சேர்."

"அப்ப தலைப்புக்குள்ள நிண்டு கதைப்பம். பழசைக் கிளறி என்ன காணப் போறம்? இப்ப எங்களுக்கு ஒற்றுமைதான் முக்கியம்."

"சேர், நான் கதைக்க வந்த தலைப்பே பழசுதான்."

"அது சரி, அது சரி," என்றார் தியாகராசா, மைக்கை வைக்காமலே.

அதன் பிறகு பாலாம்பிகையால் பழைய இடத்துக்குப் போக முடியவில்லை. ஆசிரியைகளைப் பற்றிய பகுதிக்கு, அதாவது அவர் உண்மையில் சொல்ல வந்த பகுதிக்கு, இன்னும் வரவே இல்லை. தாள்களைப் புரட்டினார். அதற்குள் அன்டன் மேசையில் ஒரு துண்டுத் தாளை வைத்தார். "5 நிமிடம்." மண்டப வாசலில் வேறு ஒரு குடும்பம், அடுத்து நடக்கவிருந்த பிறந்தநாள் விழாவுக்காகப் பலூன் கட்டுகளோடு வந்து நின்றது. சின்னப் பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு கதிரைகளுக்கிடையில் ஓடினார்கள். பாலாம்பிகை நின்றபடியே ஆசிரியைகளின் ஐம்பது வருடத்தை நாலு வசனத்தில் சொன்னார். சொல்லும்போதே, இப்படிச் சொல்வதற்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று பட்டது.

கேள்வி நேரம் வந்தது. புரட்சிக்கு வெளிநாட்டுக் காசு வந்தது உண்மையா என்று ஒருவர் கேட்டார். ரஷ்யாவின் இப்போதைய யுத்தத்தில் யார் பக்கம் நியாயம் என்று இன்னொருவர் கேட்டு, தானே பதிலும் சொன்னார். மூன்றாவது ஆள், "அக்கா, ரஷ்ய மொழியில ஒரு வசனம் சொல்லிக் காட்டுங்கோவன்" என்றார்.

பாலாம்பிகை ஒரு வசனம் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அதன் அர்த்தம் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. என்னைப் பேசி முடிக்க விடுங்கள் என்பதுதான் அது.

பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். கூட்டிப்போக வந்த துஷாந்தினி காரை ஓட்டிக்கொண்டே, "எப்பிடிப் போச்சு அம்மா?" என்று கேட்டாள். நடந்ததை அவர் சொல்லத் தொடங்கினார். இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் மகளுக்குச் சலித்துவிட்டது.

"Ça va அம்மா, விடுங்கோ. அதுகளோட ஏன் மினக்கெடுறியள்?"

"அதுகளோட மினக்கெடாமல் நான் ஆரோட கதைக்கிறது? இதைத் தமிழில கேக்க வேறை ஆர் இருக்கினம்?"

துஷாந்தினி வைப்பரைப் போட்டாள். மழை தொடங்கியிருந்தது.

இரண்டு நாள் கழித்துச் செல்வமலர் தொலைபேசியில் எடுத்தார். ஒரே கட்டடம், படியேறி வந்திருக்கலாம். வரவில்லை. கறி விலை, காலநிலை எல்லாம் கதைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, எங்கட வீட்டு வேலியிலயும் ஒரு சிரட்டை கொழுவிக் கிடந்தது. கிணறு இறைக்க வாற ஆளுக்கு. நான்தான் தண்ணி வாக்கிறனான். எட்டத்தில நிண்டு."

பாலாம்பிகை கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"இதை அண்டைக்குச் சபையில சொல்லியிருக்கலாமே, மலர்."

"ஐயோ அக்கா, அதைச் சபையில சொல்ல ஏலுமோ? என்ர மனுசன் பக்கத்தில இருந்தவர். நீங்கள் சொன்னது உண்மை எண்டு சொல்லத்தான் எடுத்தனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

உண்மை என்று சொல்ல ஒருவர் எடுத்தது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. உண்மையெல்லாம் இப்படித் தொலைபேசியில், குரலைத் தாழ்த்தி, ஒருத்தருக்கும் சொல்லாதே என்ற நிபந்தனையோடுதான் வருகிறது என்ற எரிச்சல்தான் மிஞ்சியது. செல்வமலரில் அவருக்குக் கோபமில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. அன்று பின்னேரம் முழுக்க வீட்டு அலுமாரிகளைத் துடைத்தார்.

அடுத்த வாரம் வட்டத்தின் யூடியூப் பக்கத்தில் காணொளி வந்தது. தியாகராசாவின் தலைமையுரை முழுதாக இருந்தது. பாலாம்பிகையின் பேச்சில் கொலராவுக்கு அடுத்து நேராக ஆசிரியைகள் வந்தார்கள். பிரம்படியும் இல்லை, தேத்தண்ணிக் கடையும் இல்லை. "உது ரஷ்யாவில நடந்ததோ" என்ற கேள்வியும் இல்லை. எல்லாம் வழுவழுப்பாக ஒட்டப்பட்டிருந்தது.

"சத்தம் சரியில்லை பாலா," என்றார் அன்டன். "அந்த இடத்தில மைக் இரைஞ்சது."

"அப்ப வெட்டாத பிரதியைத் தாங்கோ."

"அது அழிஞ்சு போச்சு."

"அன்டன் அண்ணை, உங்கட அப்பாவும் என்ர அப்பாவும் ஒரே சங்கத்தில இருந்தவை. நீங்களும் இப்பிடிச் செய்தால்?"

அன்டன் பெருமூச்சு விட்டார். "நான் என்ன செய்யிறது? கதைச்சது பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனால் மண்டபத்துக்கு, சாப்பாட்டுக்கு எல்லாம் உதவுற ஆக்கள் இருக்கினம். அவை வராட்டில் வட்டமும் இல்லை."

பாலாம்பிகை போனை வைத்தார். அன்டன் மைக் இரைந்தது என்ற பொய்யோடு நின்றிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். கடைசியாக ஆள் சொன்னது உண்மை, அதுதான் தாங்க முடியவில்லை. அதன் பிறகு மூன்று கூட்டங்களுக்கு அவர் போகவில்லை. போகாததை ஒருவரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பெப்ரவரியில், பனி ஜன்னல் விளிம்புவரை ஏறிக் கிடந்த ஒரு காலை, அன்டன் மறுபடியும் எடுத்தார். மார்ச்சில் பெண்கள் தினக் கூட்டமாம். ரஷ்யப் புரட்சியில் பெண்களின் பங்கு பற்றி அவர் பேசினால் நன்றாக இருக்குமாம்.

"பேசுறன்," என்றார் பாலாம்பிகை. "ஆனால் அடிமை விடுதலையில இருந்துதான் தொடங்குவன். தலைமையுரை வேண்டாம். பொன்னாடை வேண்டாம். நான் முடிக்குமட்டும் ஒருத்தரும் மைக்கைத் தொடக் கூடாது. காணொளியை வெட்டவும் கூடாது. எங்கட ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் அதையும் சொல்லுவன்."

மறுமுனையில் அன்டனின் வீட்டுத் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது.

"குழுவிட்டைக் கேட்டுப்போட்டுப் பேந்து சொல்லுறன்," என்றார்.

மார்ச் வந்து போயிற்று. பெண்கள் தினத்தில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள், படங்கள் வந்தன. அன்டன் இன்னும் பதில் சொல்லவில்லை. பாலாம்பிகை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். சமைக்கும்போது, உடுப்பு மடிக்கும்போது, லாசால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதுகூட, தியாகராசாவுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒன்றன் பின் ஒன்றாக வாயில் வருகின்றன. பஸ் வந்தால், வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஏறிக்கொள்கிறார்.