சிலுவை போட்ட வினைச்சொல்

முப்பத்திரண்டு வயது வரைக்கும், இங்கிலீஷ் அகராதியில் பக்கத்தில் சின்னச் சிலுவை போட்டிருக்கும் சொற்களெல்லாம் ஆண்டவருக்கு உகந்த சொற்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. நானாகவே கண்டுபிடித்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அதே பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக உட்கார்ந்து, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்வந்தவனுக்குச் சிலுவையைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்?

அப்போது, எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. கிளம்பும் முன் வீட்டுச் சாமான்களைப் புல்தரையில் பரப்பி விற்பார்கள். விவரமானவர்கள் கம்பளியும் கேக் தட்டும் வாங்கினார்கள். நான் தலையணை பருமனில் ஓர் அகராதி வாங்கிவந்தேன். முன்பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. நான் பிரித்துப் பார்க்கவில்லை. முன்னுரையை யார் படிக்கிறார்கள்?

அக்கம்பக்கத்தில் மனு எழுத வேண்டியவர்கள் என்னிடம்தான் வருவார்கள். ஒவ்வொரு மனுவிலும் இரண்டு சிலுவைச் சொற்களாவது வைப்பேன். ஒருதடவை கரண்ட் ஆபீசில், மூன்று வருஷமாகக் கிடைக்காத இணைப்பு என் மனு போன மூன்றாம் நாளே கிடைத்தது. அர்த்தம் புரியாத காகிதத்தை வைத்திருக்கப் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு என் நடையே மாறிப்போனது.

அப்படி மயங்கிக் கிடந்த நாளில் கண்ணில் பட்ட வினைச்சொல்தான் 'கார்க்'. பாட்டிலை அடைக்கிற கார்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சுக்காரர்கள் வாயில் 'சுமை ஏற்று' என்றாகி, கடல் தாண்டி இங்கிலீஷுக்கு வந்ததாம். சார்ஜ், கார்கோ இரண்டும் இதற்குப் பங்காளிகள். முதலில் வண்டியில் மூட்டை ஏற்றியது. கொஞ்ச காலம் போய் மனிதனின் மனசில் கவலையை ஏற்றியது. அதற்கப்புறம் ஏற்றுவதை விட்டுவிட்டு, கவலைப்படுவது என்றே அர்த்தமாகி நின்றுவிட்டது. பக்கத்தில் சிலுவை. படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை யாருக்காவது எழுதியே தீர வேண்டும் என்று காத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வந்து மாட்டினார், அட்டுவம்பட்டியில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் பங்களாவில் சமையல் செய்துவந்த அக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். புருஷன் இல்லை. பங்களாவுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். அந்த அம்மா இங்கிலாந்துக்கே போய்விட்டார். பங்களாவை விற்கப்போவதாகவும், ஜனவரி பிறந்ததும் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றும் கடிதம் போட்டிருந்தார்.

"தொரசானிக்கு ஒரு காயிதம் எழுதணுங்க சார்," என்றார் அக்கா. "பின்னாடி பூராம் பூண்டு போட்டுருக்கேன். பூம்பாறையில வெத வாங்கி நட்டது. மாசியிலதான் புடுங்க முடியும். அது வரைக்கும் இருந்துக்கிறேன்னு எழுதுங்க. அதுக்கப்புறம் ஒரு நாளு இருக்க மாட்டேன்."

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான். பூண்டு வித்தாத்தான் வேற எடத்துக்கு அட்வான்ஸ் குடுக்க முடியும். வேற வழி இல்ல சார். அங்க தோட்டத்து லயத்து வீட்டுலகூட சொந்தமா ஒரு பாத்தி இல்ல எனக்கு. இதுதான் மொதப் பயிரு."

அன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். கடல் தாண்டிப் போகிற ஒரு கௌரவமான இங்கிலீஷ் கடிதத்தில் பூண்டு வரலாமா? இரண்டு தடவை எழுதிப் பார்த்து அடித்தேன். காகிதமே நாறுகிற மாதிரி இருந்தது. கடைசியில், இந்த ஏழைப் பெண் தங்கள் பின்கட்டு அறையில் இரவும் பகலும் 'கார்க்'குகிறாள், தங்கள் கருணையை எதிர்நோக்குகிறாள் என்று ஒரு பக்கத்துக்கு இழுத்தேன். ஆறு சிலுவைச் சொற்கள். பூண்டு இல்லை. மாசி இல்லை.

கையெழுத்து வாங்கப் போனபோது அக்கா பாத்திகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். ஒரு சாண் உயரத்துக்குப் பூண்டுத் தாள் வந்திருந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தமிழில் பேரை எழுதினார்.

"பூண்டு விசயம் எழுதிட்டீங்கள்ல சார்?"

"எல்லாம் அதுக்குள்ள வந்துருச்சுக்கா."

கிளார்க்காக எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இது ஒன்றுதான் இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூட விலாசத்துக்குப் பதில் வந்தது. நல்ல மனுஷி. அக்கா கவலைப்படுவது தெரிந்து தானும் வருந்துவதாக எழுதியிருந்தார். ஆனால் என்ன வேண்டும் என்று கடிதத்தில் எங்கும் சொல்லவில்லையே, சொல்லியிருந்தால் பத்திரம் எழுதும்போதே வாங்குகிறவரிடம் ஒப்புக்கொள்ள வைத்திருப்பேனே, இப்போது எல்லாம் முடிந்து என் கையை விட்டுப் போய்விட்டதே என்றிருந்தார். கீழே எனக்கென்று தனியாக நாலு வரி. அந்த வினைச்சொல்லைத் தன் தாத்தாகூடப் பேசிக் கேட்டதில்லையாம். அகராதியில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் சிலுவைக் குறி, வழக்கொழிந்து செத்துப்போன சொற்களுக்குப் போடுவதாம்.

கத்தியால் நெம்பி அகராதியின் முன்பக்கங்களைப் பிரித்தேன். குறிகளின் விளக்கம் மூன்றாவது பக்கத்திலேயே இருந்தது. தினமும் கல்லறைத் தோட்டத்து வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அத்தனை சிலுவையைத் தாண்டிப் போயும் எனக்கு உறைக்கவில்லை.

கடிதம் இரண்டு நாள் என் மேஜை டிராயரில் கிடந்தது. மூன்றாம் நாள் அக்காவிடம் போய், "முடியாதுன்னுட்டாங்கக்கா," என்று மட்டும் சொன்னேன். அக்கா பூண்டுத் தாள்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பங்களாவை வாங்கியவர் மதுரைக்காரர். அவருடைய மேஸ்திரியிடம் போய்க் கெஞ்சினேன், இந்தத் தடவை சுத்தத் தமிழில், பூண்டு என்றே சொல்லி. "செங்கல் லாரி எங்க நிக்கும்? உங்க பள்ளிக்கூடத்துலயா?" என்று கேட்டுவிட்டு அவர் டேப்பைப் பிடித்துப் பாத்திக்கு மேலேயே அளந்துகொண்டு போனார்.

ஜனவரி ஒன்றாம் தேதி வெள்ளனே கோயிலுக்குப் போகாமல் பூண்டு பிடுங்கப் போனேன். பல் பிரியாத குண்டுகள், கோலி அளவுக்கு. மண்ணோடு தாளோடு ஒரு சாக்குதான் தேறியது. அதை நான் தோளில் ஏற்றிக்கொண்டேன்; அக்கா தன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பள்ளங்கியில் தங்கச்சி வீட்டுக்குப் போகிற அக்காவோடு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடந்தேன். பனி விலகவில்லை. சாக்கு நனைந்து என் ஸ்வெட்டரெல்லாம் பூண்டு. தோள் வலித்தது. அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த அர்த்தம் இதுதான் என்று அப்போதும் மண்டைக்குள் ஓடியது. என்னைத் திருத்த முடியாது.

பஸ் வரும் சத்தம் கேட்டதும் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தக் காயிதத்துல நான் பூண்டப் பத்தி எழுதலக்கா."

அக்கா டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப என்ன எழுதுனீங்க?"

"மனசுல பாரம் ஏறிப்போய்க் கெடக்கீங்கன்னு... நல்ல இங்கிலீஷ்ல எழுதுனேன்."

பஸ் வந்து நின்றது. என் தோளிலிருந்த சாக்கைத் தானே இறக்கி, படியில் தூக்கிப் போட்டுவிட்டுப் பெட்டியோடு ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிச் சொன்னார்:

"பூண்ட எழுதச் சொன்னா பூண்ட எழுத வேண்டியதுதான சார். என் மனச எழுதச் சொல்லி ஒங்கள யாரு கேட்டா?"