காது போன பிறகு அண்ணன் ஓட்டிய சைக்கிள்

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சைக்கிள் கைப்பிடியில் கம்பி போட்டு இறுக்கிக்கொண்டு அண்ணன் வாசலில் குந்தியிருந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுதந்திரம் வந்து இரண்டொரு வருஷம் இருக்கும். அவனுக்கு இருபத்துநாலு வயது, எனக்குப் பதினேழு. விஷக்காய்ச்சலில் நாற்பது நாள் கிடந்து எழுந்தவனுக்கு இரண்டு காதும் அடியோடு போய்விட்டிருந்தன. சங்கரன்கோவில் நூல்கடை ஒன்றிலிருந்து சுற்றுவட்டாரத் தறிக்காரர்களுக்குச் சைக்கிளில் நூல்கட்டு கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. "காது கேக்காதவன ரோட்டுல விட்டா நாளைக்குப் பழி என் தலையிலல்லா விழும்" என்று முதலாளி அவனைக் கடைக்குள்ளேயே உட்கார வைத்தார். அம்மா சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். அண்ணன் அரத்தால் சங்கிலியை அறுத்தான். கடைக்குப் போய் நூல்கட்டைத் தானே தூக்கிப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். முதலாளி பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாராம். இவனுக்குக் கேட்கவில்லை.

கண்ணாடியை மட்டும் அவன் நம்பவில்லை. எதிரே வருகிறவனின் கண் தன் தோளைத் தாண்டிப் போனால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம் என்பான். மேய்கிற ஆடு சட்டென்று தலை தூக்கினால் ஓரம் கட்டுவான். காலையில் மேற்கே போகும்போது பின்னால் வரும் பஸ்ஸின் நிழல் தன்னைத் தொடும் முன்பே இறங்கி நின்றுவிடுவான். பயமாக இல்லையா என்று ஒருநாள் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "பயந்துக்கிட்டேதான் ஓட்டுதேன். அதான் உசுரோட இருக்கேன்" என்றான்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் பெரிய ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. மேளத்திலும் நாயனத்திலும் பக்கத்தில் இருப்பவள் பேசுவதுகூட எனக்கு விளங்கவில்லை. ஊர்வலத்துக்குப் பின்னால் அண்ணன் நூல்கட்டோடு மெதுவாக மிதித்து வந்துகொண்டிருந்தான். கண்ணாடியில் பின்னால் எதையோ பார்த்திருக்கிறான்; திடீரென்று எல்லாச் சத்தத்துக்கும் மேலே அவன் குரல் கேட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால் அவனுக்கு அளவு தெரியாது. "ஓரம் போங்க, மாடு வருது" என்று கத்திக்கொண்டே சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்து, கையில் அகப்பட்டவர்களையெல்லாம் இழுத்துத் தள்ளினான். கூட்டம் பிளந்த வழியில் பருத்தி ஏற்றிய வண்டியோடு இரண்டு காளைகள் தறிகெட்டு ஓடின. அவன் சைக்கிள் நசுங்கியது. நூல் மண்ணில் இழுபட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா அண்ணனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்த்து, "அந்தச் செவிட்டுப் பய போட்ட கூப்பாட்டுலதான் மாடு மிரண்டுச்சு" என்றார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். அதற்குள் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகியிருந்த அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவன் முன்னால் போய் நின்று, உதடு தெரிய, ஒரு சொல்லும் விடாமல் அதைச் சொன்னேன். அவன் நேரே பெரியப்பாவின் எதிரில் போய் நின்றான்.

"ஒங்க அத்தன பேருக்கும் காது இருக்கு. ஒருத்தராவது திரும்பிப் பாத்தீங்களா? என்னப் பத்திப் பேசணும்னா இப்படி முகத்துக்கு நேரே பேசுங்க."

அதற்குள் மாட்டுக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்த வண்டிக்காரர், சந்தைப் பக்கம் எவனோ வெடி போட்டதில் மாடு மிரண்டதாகச் சொல்லிக் கும்பிட்டார்.

முதலாளி மறுநாள் அண்ணன் எதிரில் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, "சிவகிரிக்கு ரெண்டு கட்டு இருக்கு, கடைச் சைக்கிள எடுத்துட்டுப் போ" என்றார். அறுபது வயது வரை அவன் சைக்கிள் ஓட்டினான்.

இப்போது எனக்கும் காது மந்தமாகிவிட்டது. முந்தாநாள் மகன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, இனிமேல் தனியாக வெளியே நடக்கப் போக வேண்டாம் என்று ஏதோ முணுமுணுத்தான். முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவன் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.